நான்கு கழுதைகளுக்கு ஒரே ஊசி

மாதேசா,

போனில் பேசினால் நீ "ம்" என்கிறாய். நல்லா இருக்கிறாயா என்றால் ம். சாப்பிட்டாயா என்றால் ம். ஓசூரில் மழையா என்று கேட்டாலும் ம். வாட்ஸ்அப்பில் ஏதாவது பேசி அனுப்பினால் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுகிறாய். இருபத்தாறு வருஷம் வளர்த்தது கட்டைவிரலைப் பார்க்கவா? அதனால்தான் உன் பழைய கணக்கு நோட்டில் மிச்சமிருந்த தாள்களைக் கிழித்து, எட்டாம் வகுப்போடு நின்றுபோன என் எழுத்தில் இதை எழுதுகிறேன். காகிதத்தைப் பார்த்து எத்தனை "ம்" வேண்டுமானாலும் சொல்லிக்கொள், எனக்குக் கேட்காது. ஆனால் கடைசி வரைக்கும் படி. அப்புறம் படிக்கலாம் என்று பைக்குள் வைத்துவிடாதே. உன்னுடைய அப்புறம் எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும். யார் வேண்டுமானாலும் இதைப் படிக்கலாம். ரூமில் கூட இருக்கிறவர்களுக்குக் காட்டு, கட்டிக்கொள்ளப் போகிற கௌரிக்கும் காட்டு. இதில் மறைக்க ஒன்றும் இல்லை. மறைத்தது எல்லாம் போதும்.

ஆவணியில் கல்யாணம். பத்திரிகை அடித்து வந்து இரண்டு வாரமாகிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து, பாலக்கோட்டில் உன் மாமன் வீடு, பென்னாகரத்தில் சித்தி வீடு, நம் தெரு முழுக்க என்று வெற்றிலை பாக்கோடு வைத்து முடித்தாய். மலைக்கு மட்டும், "நீயே குடுத்துடும்மா, நான் அங்க வரல" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டாய். பதினெட்டு வயதிலிருந்து மாதம் தவறாமல் நம் கழுதைகள்மேல் ரேஷன் அரிசி ஏற்றிக்கொண்டு போன மலை அது. ஏன் வரமாட்டாய் என்று நான் கேட்கவில்லை. கேட்க எனக்கு யோக்கியதை இல்லை. நம் கழுதைகளுக்கு வந்த நோயை நீதான் வாங்கிக்கொண்டு வந்தாய் என்று அந்த மலை முழுக்க நம்புகிறது. நம்ப வைத்தது நான். அது பொய் என்று எனக்குத் தெரிந்து நாலு மாதமாகிறது. தெரிந்தும் உன்னிடம் சொல்லவில்லை. கடைசி வரைக்கும் படி என்று சொன்னது இதற்குத்தான். இப்போது எரிச்சலில் காகிதத்தைக் கசக்கிப் போடத் தோன்றும். போடாதே. நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். உனக்குப் பாதிதான் தெரியும்.

நம்மிடம் இருந்தது நாலு. மூக்கின் ஓரம் வெள்ளைப் பொட்டு வைத்த மூக்குத்தி, புள்ளி, சின்னவள், அப்புறம் எவ்வளவு தின்றாலும் உயரமே வராத கட்டையன். மலைக்கு ரோடு இல்லாததால் லாரி அடிவாரத்தில் இறக்கிவிட்டுப் போகும் மூட்டைகளைப் பிரித்துக் கட்டி, இந்தப் பக்கம் பாதி அந்தப் பக்கம் பாதி என்று பொதி ஏற்றினால் மூக்குத்திதான் முதலில் நடப்பாள். அவள் நடந்தால் மற்றவர்கள் நடப்பார்கள். அவள் நின்றால் ஊர்வலமே நிற்கும். போன வருஷம் ஐப்பசியில் அவள் அடிக்கடி நிற்க ஆரம்பித்தாள். இரண்டாவது திருப்பத்தில் ஒரு தரம், ஆலமரத்தடியில் ஒரு தரம். தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, அடித்தாலும் நகராமல், அடிக்காவிட்டாலும் நகராமல். இரண்டு நாள் உடம்பு சுடும், மூன்றாம் நாள் ஒன்றுமே நடக்காதது மாதிரி வேலியோரத்துச் செடியை மேய்வாள். நான் என்ன நினைத்தேன்? வயசாகிவிட்டது, சோம்பேறித்தனம் வந்துவிட்டது என்று நினைத்தேன். நீதான், "அவளுக்கு என்னமோ பண்ணுதும்மா, பொதிய கொறைக்கணும்" என்றாய். குறைத்தால் மீதி அரிசியை யார் தூக்குவது என்று கேட்டேன். அடுத்த வாரம் உன் சம்பாத்தியத்தில் ஆந்திரா பக்கம் ஒரு சந்தைக்குப் போய், காது நிமிர்ந்த, கண்ணில் திமிர் வழிகிற ஒரு பெட்டைக் கழுதையை வேனில் ஏற்றிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினாய்.

எனக்கு எவ்வளவு கோபம் தெரியுமா? கழுதை வாங்கியதற்கு இல்லை. என்னைக் கேட்காமல் வாங்கியதற்கு. உன் அப்பா கல்யாணமான புதிதில் என்னைக் கேட்காமல் ஒரு டேப் ரிக்கார்டர் வாங்கி வந்தார். அதற்கு ஒரு வாரம் பேசாமல் இருந்தவள் நான். அந்தக் குணம் என்னிடம் இருந்து போகவில்லை, போகும் என்று யாரும் காத்திருக்கவும் வேண்டாம். நீ அவளுக்கு ஒரு பெயர் வைத்தாய், எனக்கு நினைவில்லை. நான் ஆந்திராக்காரி என்றேன், அதுவே நின்றுவிட்டது. அவளும் லேசுப்பட்டவள் இல்லை. பின்னால் யார் போனாலும் உதைத்தாள். முன்னால் போனால் கடித்தாள். உன் ஒருவன் கைக்கு மட்டும் கட்டுப்பட்டாள், அது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

இப்போது ஊசிக் கதைக்கு வருகிறேன். இதைச் சொல்ல எனக்கு எவ்வளவு வெட்கம் என்று உனக்குத் தெரியாது. நம் ஊரில் ஆடுகளுக்கு ஊசி போட ஒருவர் வருவாரே, அவர் போடுவதைப் பார்த்துப் பார்த்து நானே கற்றுக்கொண்டேன். பென்னாகரத்தில் மருந்துக் கடையில் சத்து மருந்து வாங்கி வந்து, மலைக்குப் போய் இறங்குகிற ஒவ்வொரு வாரமும் நாலு கழுதைக்கும் கழுத்துச் சதையில் போடுவேன். கழுதைக்குச் சத்து ஊசி போடுகிறவள் இந்த வட்டாரத்திலேயே நான் ஒருத்திதான் என்று பெருமை வேறு. கழுதை தானே என்று விடாமல், பெற்ற பிள்ளைக்குப் பார்க்கிற மாதிரி பார்க்கிறேனாம். ஊசி ஒன்று. அதை வெந்நீரில் கழுவி, தேங்காய் எண்ணெய் தடவி, பவுடர் டப்பாவில் வைத்திருப்பேன். கழுவுவது எல்லாருக்கும் போட்டு முடித்த பிறகு. ஒருத்திக்கும் அடுத்தவளுக்கும் நடுவில் சேலைத் தலைப்பில் ஒரு துடைப்பு, அவ்வளவுதான். ஒருநாள் நீ ஒரு பெட்டி நிறையப் புது ஊசி வாங்கி வந்து, "ஒவ்வொண்ணுக்கும் மாத்தும்மா, சீழ் வெச்சிடப் போவுது" என்றாய். நான் என்ன சொன்னேன் என்று உனக்கு ஞாபகம் இருக்கும். "இட்லியா இது, ஆளுக்கு ஒண்ணு வெக்கிறதுக்கு?" என்றேன். நீ சிரித்தாய். பெட்டி பரண்மேல் போனது.

அதைவிடக் கொடுமை வரிசை. நாலில் யார் ரொம்பச் சோர்ந்திருக்கிறாளோ அவளுக்குத்தான் முதல் ஊசி. பாவம், அவளுக்குத்தானே முதலில் வேண்டும் என்று. ஐப்பசியிலிருந்து முதல் ஊசி மூக்குத்திக்கு. அவள் ரத்தம் ஒட்டிய ஊசியை எடுத்துப் புள்ளிக்கு. அங்கிருந்து சின்னவளுக்கு. கடைசியில் கட்டையனுக்கு. ஆந்திராக்காரி வந்த முதல் வாரமே அவளுக்கும் போடப் போனேன். விட்டாள் ஓர் உதை, தொடையில் நீலம் பாரித்து பத்து நாள் இருந்தது. "உனக்குச் சத்தும் வேணாம் ஒண்ணும் வேணாம் போடி" என்று விட்டுவிட்டேன். நோய் உள்ளவளை முதலில் குத்திவிட்டு, அதே ஊசியால் நல்லவர்களைக் குத்துகிற அறிவு அன்பில் இருந்து வந்தது மாதேசா. அதை நினைத்தால்தான் எனக்கு என்மேலேயே ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது. ஏனோதானோ என்று வைத்திருக்கிற ஆளாக இருந்திருந்தால் யாருக்குமே ஊசி போட்டிருக்கமாட்டேன், எல்லாம் பிழைத்திருக்கும்.

தை கழிந்து ஒரே வாரத்தில் மூன்றும் விழுந்ததை நீ பார்த்தாய். புள்ளி தண்ணீர்த் தொட்டி பக்கத்தில் நின்றபடியே நடுங்கினாள். சின்னவள் மூத்திரம் காப்பித் தண்ணீர் மாதிரி போனது. கண்ணிமையை விலக்கிப் பார்த்தால் உள்ளே மஞ்சள். கட்டையன் வைக்கோலை முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான், அவன் தீனியை வேண்டாம் என்று சொல்லி நான் பார்த்ததே இல்லை. நீ உடனே மாட்டாஸ்பத்திரிக்குப் போகலாம் என்றாய். கழுதையைக் கூட்டிக்கொண்டு போனால் நாலு பேர் சிரிப்பார்கள் என்று நான் தடுத்தேன். வேப்பிலை அரைத்துக் கொடுத்தேன், வெல்லமும் மிளகும் கொடுத்தேன், ஊசியும் போட்டேன். ஆமாம், அப்போதும் அதே ஊசி. புதன்கிழமை புள்ளி போனாள். வெள்ளிக்கிழமை சின்னவள். குழி தோண்டியது நீ. உன் அப்பா முட்டி வலியோடு மண்ணைத் தள்ளினார். ஆந்திராக்காரி வேலிக்கு அந்தப் பக்கம் நின்று நன்றாக மேய்ந்துகொண்டிருந்தாள், உடம்பில் ஒரு குறையும் இல்லாமல். அதைப் பார்த்த உடனே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டதாக நினைத்தேன். வந்தவளுக்கு ஒன்றும் இல்லை, இருந்தவர்களுக்கு எல்லாம் வந்துவிட்டது. அப்படியானால் கொண்டுவந்தவள் அவள்தானே. அவளைக் கொண்டுவந்தவன் நீதானே.

அந்த மாத அரிசி அடிவாரத்தில் கிடந்தது. மலைக்காரர்கள் பத்து நாள் பார்த்துவிட்டு, தாங்களே இறங்கி வந்து தலையில் தூக்கிக்கொண்டு போனார்கள். அவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வரலாம் என்றுதான் நாம் இரண்டு பேரும் மேலே போனோம். கடை வாசலில் எல்லாரும் நின்றுகொண்டிருந்தார்கள், கழுத்தைப் பிடித்துக்கொண்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு. "இன்னாத்துக்கு இப்பிடி ஆச்சு அக்கா?" என்று ஒருத்தர் கேட்டார். அவ்வளவுதான் கேட்டார். நான் உன் பக்கம் கையை நீட்டி, "இதோ நிக்கிறானே, இவனக் கேளுங்க. ஊரு பேரு தெரியாத சந்தையில சீக்குப் புடிச்ச கழுதைய வாங்கியாந்து என் குடிய கெடுத்தான். ரெண்டு உசுரு போனதும் இவனாலதான், நீங்க சொமந்ததும் இவனாலதான்" என்றேன். இன்னும் என்னென்னவோ சொன்னேன். நீ ஒரு வார்த்தை திருப்பிப் பேசியிருந்தால் நான் அடங்கியிருப்பேன். நீ பேசவில்லை. கையில் இருந்த பொதிக் கயிற்றை என் பக்கத்தில் வைத்துவிட்டு, இறங்கிப் போய்விட்டாய். அடுத்த வாரம் ஓசூர் கம்பெனியில் வேலை. நீ பேசாமல் போனதை நான் ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொண்டேன். என்ன மடத்தனம். நீ சின்ன வயசிலேயே செய்யாத தப்புக்கு அடி வாங்கினாலும் வாயைத் திறக்கமாட்டாய், அது எனக்குத் தெரியாதா?

நீ போன பிறகு உன் அப்பா என்னைக் கேட்கவில்லை. முட்டிக்குத் துணியைச் சுற்றிக்கொண்டு, மூக்குத்தியையும் கட்டையனையும் ஆந்திராக்காரியையும் ஓட்டிக்கொண்டு மாட்டாஸ்பத்திரிக்குக் கிளம்பிவிட்டார். நான் பின்னால் ஓடினேன். எதிர்பார்த்த மாதிரியே அங்கே மாட்டோடு நின்றவர்கள் சிரித்தார்கள். டாக்டரம்மா சிரிக்கவில்லை. சின்னப் பெண், உன்னைவிட ஒன்றிரண்டு வயசு கூட இருக்கலாம். மூன்றுக்கும் காதோரம் ரத்தம் எடுத்து, கண்ணாடித் துண்டில் தடவிப் பார்த்தது, மிச்சத்தை வெளியூர் லேபுக்கு அனுப்பியது. "ரத்தத்துக்குள்ள ஒரு பூச்சிங்கம்மா. கண்ணுக்குத் தெரியாது. உண்ணி கடிச்சா உள்ள போயிடும். ரத்தத்தையே தின்னு தீர்க்கும்" என்றது. மூக்குத்திக்கும் கட்டையனுக்கும் மருந்து போட்டது. போட்ட கொஞ்ச நேரத்தில் இரண்டுக்கும் எச்சில் ஒழுகி, வயிற்று வலியில் புரளப் பார்த்தன. நான் அழுதேன். "அப்பிடித்தாங்க இருக்கும், கழுதைக்கு இந்த மருந்து கொஞ்சம் கடுமை, நான் பக்கத்துலயே இருக்கேன்" என்று அந்தப் பெண் வெயிலில் உட்கார்ந்திருந்தது. சாப்பிடக்கூடப் போகவில்லை.

பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து லேபில் இருந்து முடிவு வந்தது. மூக்குத்திக்கு இருக்கிறது, அதுவும் ரொம்ப நாளாக இருக்கிற மாதிரி. கட்டையனுக்கு இருக்கிறது. ஆந்திராக்காரிக்கு இல்லை. இப்போதும் இல்லை, முன்பு வந்துபோன அடையாளமும் இல்லை. டாக்டரம்மா மூக்குத்தி எப்போதிருந்து சோர்வாக இருக்கிறாள் என்று கேட்டது. நான் வாயைத் திறப்பதற்குள் உன் அப்பா, "ஐப்பசில இருந்துங்க. அவ சோர்ந்ததாலதான் பையன் புதுசு வாங்குனான்" என்றார். பார்த்தாயா, வருஷத்துக்கு நாலு வார்த்தை பேசுகிற மனிதர், அதில் ஒன்றை அங்கே செலவழித்தார். எனக்குத் தெரியாதா அது? தெரியும். ஆனால் கோபத்தில் முன்னது பின்னதாகவும், பின்னது முன்னதாகவும் மாறிவிட்டது.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. டாக்டரம்மா இன்னொன்று கேட்டது. "எல்லாம் ஒரே எடத்துலதான் மேயுதுன்றீங்க, ஒரே உண்ணிதான் எல்லாத்தையும் கடிக்கும். மூணும் ஒரே வாரத்துல விழுந்திருக்கு, இந்த ஒண்ணுக்கு மட்டும் ஒண்ணும் ஆகலை. இதுக்கு மட்டும் என்ன வித்தியாசமா செஞ்சீங்க? ஊசி கீசி எதுவும் வூட்டுல போடுவீங்களா?" அந்தக் கணத்தில் என் தொடையில் ஆந்திராக்காரி உதைத்த இடம் நினைவுக்கு வந்தது. எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. புரிந்துகொண்டே, "இல்லீங்க, எதுவும் போடலீங்க" என்றேன். டாக்டரிடம் பொய். உன் அப்பா என்னைப் பார்த்தார். அப்புறம் சுவரில் ஒட்டியிருந்த கோழிப் படத்தைப் பார்த்தார். டாக்டரம்மா, "அப்ப உண்ணியாவும் இருக்கலாம். ஆனா ஒரே ஊசிய எல்லாத்துக்கும் போட்டா இது இப்பிடித்தான் பரவும், ஞாபகம் வெச்சிக்கோங்க" என்று சொல்லி அனுப்பியது. அந்த "இருக்கலாம்" என்ற வார்த்தைக்குள் நான் நாலு மாதம் குடியிருந்தேன். உண்ணியாக இருக்கலாம். என் ஊசியாக இல்லாமல் இருக்கலாம். வீட்டுக்கு வந்து டப்பாவைக் குப்பைக் குழியில் போட்டுவிட்டு, உனக்குப் போன் செய்தேன். நீ "ம்" என்றாய். நானும் சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். ஒவ்வொரு தடவையும் இப்படியே. சொல்லலாம் என்று எடுப்பேன், உன் "ம்" கேட்கும், மழையைப் பற்றிக் கேட்டுவிட்டு வைப்பேன். உன்னைக் குறை சொல்லித்தான் இந்தக் கடிதத்தையே ஆரம்பித்திருக்கிறேன், பார்.

கல்யாணம் ஆகப் போகிறவனுக்கு அம்மா புத்தி சொல்ல வேண்டும் என்பார்கள். நான் என்னத்தைச் சொல்ல? தெரிந்ததைச் சொல்கிறேன். கௌரியை நாலு பேர் முன்னால் பேசாதே. வீட்டுக்குள் சண்டை போடு, தட்டை வீசு, ஒரு வாரம் பேசாமல் இரு, உன் அப்பாவும் நானும் அப்படித்தான் இருந்தோம், செத்துவிடவில்லை. ஆனால் ஊர் முன்னால் சொன்னதை வீட்டுக்குள் திருப்பி எடுக்க முடியாது. சொன்ன இடத்திலேயே போய்த்தான் எடுக்க வேண்டும், அது மலை ஏறுவதைவிடக் கஷ்டம். இன்னொன்று, உன்மேல் யாராவது தப்புச் சொன்னால் வாயைத் திறந்து பேசு. கயிற்றை வைத்துவிட்டு இறங்கிப் போவது பெருந்தன்மை என்று நினைக்காதே. நீ பேசாமல் போனால் எதிரே இருக்கிறவள் தான் சொன்னதுதான் சரி என்று நினைத்துக்கொள்வாள், என்னைப் போல. கழுதை வளர்ப்பதைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும், நீ இனிமேல் தொடமாட்டேன் என்று சொன்னாலும். தினமும் காதுக்குள்ளும் வால் அடியிலும் உண்ணி பார். சூடு இருந்தால் பொதி ஏற்றாதே. நோய் தேறினாலும் பூச்சி உள்ளேயே ஒளிந்திருக்குமாம், அதிகம் வேலை வாங்கினால் திரும்ப எழுந்து வருமாம், அதனால் மூக்குத்திக்கு இப்போது பொதியே கிடையாது. வெறும் முதுகோடு முன்னால் நடக்கிறாள், ராணி மாதிரி. ஒவ்வொன்றுக்கும் ஒரு ஊசி. நீ வாங்கி வந்த பெட்டியைப் பரணில் இருந்து இறக்கிவிட்டேன்.

போன சனிக்கிழமை மலைக்குப் போனேன். அரிசி போடுகிற நாள், எல்லாரும் கடைக்கு வருவார்கள். கட்டையனுக்கும் ஆந்திராக்காரிக்கும் பொதி, என் பையில் வெற்றிலை பாக்கும் பத்திரிகைகளும். ஆந்திராக்காரியைக் கண்டதும் ஆடு வைத்திருந்தவர்கள் ஆட்டை இழுத்துக்கொண்டார்கள். அவள் சுமந்து வந்த அரிசியை வாங்குவார்கள், அவளை மட்டும் பக்கத்தில் விடமாட்டார்கள். நான் பார்க்காதது மாதிரி பத்திரிகையை ஒவ்வொருவர் கையிலும் கொடுத்தேன். சந்தோஷமாகத்தான் வாங்கினார்கள். எங்கே பையன் என்று கேட்டார்கள். லீவு கிடைக்கவில்லை என்றேன், அதுவும் பொய். அப்போது காளியப்பன், நல்ல மனுஷன், கெட்ட எண்ணம் இல்லாமல்தான் சொன்னார்: "வராம இருப்பமா அக்கா. ஆனா ஒண்ணு, நம்ம பையனுக்குக் கைராசி கம்மி. அவன் கை பட்டு வந்த ஒண்ணால ரெண்டு உசுரு போச்சி. நாளைக்கி அந்தப் பொண்ணு கழுத்துல தாலி கட்டப் போறதும் அந்தக் கைதான். முன்னாடியே நம்ம முனியப்பனுக்கு ஒரு பூசை போட்டுருங்க."

நான் சொன்ன ஒரு பேச்சு உன் கைக்குள் போய் உட்கார்ந்திருக்கிறது, அங்கிருந்து அந்தப் பெண்ணின் கழுத்துக்குப் போகப் பார்க்கிறது. கடைப் படியில் ஏறி நின்றேன். சேல்ஸ்மேனைத் தராசை நிறுத்தச் சொன்னேன். "எல்லாரும் கேளுங்க. எம்பையன் கையில ஒண்ணும் இல்ல. சீக்கு அவன் கழுதை வாங்கறதுக்கு முன்னாடியே எங்க மூக்குத்திக்கு இருந்துச்சு. அவகிட்ட இருந்து மத்ததுக்கு ஏத்துனது நானு, இந்தக் கையால, ஒரே ஊசிய வெச்சிக்கிட்டு. இந்தக் கழுதைக்கு ஒண்ணுமில்ல, இது என்னைய ஒதைச்சித் தப்பிச்சிடுச்சி. டாக்டரு சொல்லி நாலு மாசம் ஆவுது, நான்தான் மறைச்சேன். நீங்க தலையில சொமந்தது என்னால" என்றேன். பையில் இருந்த பாக்கு கீழே விழுந்து உருண்டது, யாரும் பொறுக்கவில்லை.

திட்டுவார்கள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். சின்னப்பாப்பா முன்னால் வந்தாள். என் வயசுதான். கழுதைகள் தேறும் வரை இரண்டு மாதம் மூட்டை சுமந்து கழுத்து பிடித்துக்கொண்டு, இன்னும் ஒரு பக்கம் திரும்ப முடியாதவள். உடம்போடு திரும்பி என்னைப் பார்த்து, "இத அவன்கிட்ட சொல்லிட்டீங்களா?" என்று கேட்டாள்.

இல்லை என்றேன்.

"எங்ககிட்ட மொதல்ல சொல்றீங்களே, பட்டவன் அவன்தான?" என்றாள். அப்புறம் கையில் இருந்த பத்திரிகையை என் பையில் திருப்பி வைத்தாள். "இத நாங்க இப்ப வாங்கிக்க மாட்டோம். அவன் வந்து வெக்கட்டும்." காளியப்பனும் வைத்தார். ஒவ்வொருவராக வந்து வைத்தார்கள். யாரும் கோபமாக இல்லை. கடைசியாக வைத்த ஒருத்தி ஆந்திராக்காரியின் நெற்றியைத் தடவிவிட்டுப் போனாள், அவளை அது கடிக்கவும் இல்லை.

ஆகவே மாதேசா, மலையில் கொடுத்த பத்திரிகை அத்தனையும் திரும்பி வந்து அலமாரியில் இருக்கிறது. உன் கைக்கு ராசி இல்லை என்று சொன்ன அதே ஜனம், உன் கையால் கொடுத்தால்தான் வாங்குவேன் என்கிறது. நான் உன்னிடம் சொல்ல வேண்டியதை அவர்கள் முன்னால் சொல்லிவிட்டு வந்தேன், இப்போது உன்னிடம் சொல்கிறேன். தப்பு என்னுடையது. என்னை மன்னி, மன்னிக்காவிட்டாலும் வா. உனக்கு என்மேல் கோபம் இருந்தால் அதையும் கொண்டு வா, வந்து வாயைத் திறந்து திட்டு. கட்டைவிரலை மட்டும் அனுப்பாதே.

அம்மா